ஐ.நா. வேலைக்காக வீட்டை அடமானம் வைக்காதீர்கள்

போன வாரம் ஓர் அப்பாவும் அம்மாவும் மகளோடு வந்திருந்தார்கள். மகள் பட்டப்படிப்பின் கடைசி வருடத்தில் இருக்கிறாள். ஐ.நா.வில் வேலை பார்க்க ஆசை. ஜெனிவாவிலோ நியூயார்க்கிலோ சர்வதேச உறவுகளில் முதுகலை படித்தால்தான் உள்ளே நுழைய முடியும் என்று சித்தப்பா சொல்லிவிட்டாராம். வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைக்கும் பேச்சு வரை வந்தாயிற்று. "வைக்கலாமா?" என்று அப்பா கேட்டார்.

வைக்காதீர்கள் ஐயா.

உங்கள் மகளின் ஆசை நல்ல ஆசை. எந்த அரசிடமிருந்தும் உத்தரவு வாங்காமல் உலகத்துக்காக உழைக்கும் ஊழியர் என்ற எண்ணம், 1919இல் ஐ.நா.வுக்கு முன்னோடியான உலக நாடுகள் சங்கத்தின் செயலகத்தை அதன் முதல் பொதுச்செயலாளர் எரிக் டிரம்மண்ட் கட்டத் தொடங்கிய காலத்தில் உருவானது. இன்றைக்கும் ஐ.நா. சாசனத்தின் 100ஆவது பிரிவு அதையே சொல்கிறது. நான் மறுப்பது சித்தப்பா காட்டும் வழியை மட்டும்தான்.

அவர் சொல்லும் முதுகலை முடித்தாலும், 'பி' எனப்படும் அதிகாரி நிலையில் பி-2 பதவிக்குப் பொதுவாக 2 வருட அனுபவம் கேட்பார்கள், அடுத்த படியான பி-3 என்றால் 5 வருடம். அந்த அனுபவத்துக்குத்தானே பயிற்சிப் பணி (இன்டர்ன்ஷிப்) என்பீர்கள். ஐ.நா. செயலகத்தில் அதற்குச் சம்பளம் கிடையாது. கடன் வாங்கிப் படித்த பிள்ளை, இன்னும் கடன் வாங்கி நியூயார்க்கில் வாடகை கட்ட வேண்டும். இதற்கிடையே 2025 மார்ச்சில் 'யூஎன்80' என்ற பெயரில் ஐ.நா.வில் சீரமைப்பு தொடங்கியது. அதே வருடம் ஐ.நா. அகதிகள் ஆணையம் சுமார் 3,500 பணியிடங்களைக் குறைப்பதாக அறிவித்தது. அப்படி வெளியே வந்தவர்கள் பத்து, பதினைந்து வருட அனுபவத்தோடு அதே வரிசையில் நிற்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் உங்கள் மகள் பட்டத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நிற்பதா?

பி நிலையின் தொடக்கப் பதவிகளுக்கு ஐ.நா. நடத்தும் இளம் தொழில்முறையாளர் தேர்வு ஒன்று உண்டு. அதை எழுதலாம் என்று அந்த வருடம் அறிவிக்கும் நாடுகளின் பட்டியலில் உங்கள் நாடு இருந்தால், 32 வயதுக்குள் எழுதட்டும். அதையே நம்பி உட்கார வேண்டாம்.

அரை மணி நேரம் அப்பாதான் பேசினார். மகளின் முகம் மலர்ந்தது ஒரே ஒரு தடவை. வெள்ள நிவாரண முகாம் ஒன்றில் பொருள் பதிவேட்டை அவள்தான் பார்த்துக்கொண்டாளாம். வரவு, செலவு, இருப்பு என்று கோடு போட்டிருக்கிறாள். மருந்துப் பெட்டிகளைத் தேதி பார்த்துப் பிரித்து, சீக்கிரம் காலாவதியாகிறவற்றை முன்வரிசையில் வைத்திருக்கிறாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. 'முதலில் காலாவதியாவது முதலில் வெளியே' என்பது உலகம் முழுக்க மருந்துக் கிடங்குகளின் அடிப்படை விதி என்று நான் சொன்னதும் அவளுக்கே ஆச்சரியம்.

அம்மா தயங்கினார். "குடோன் வேலையா?" ஆமாம் அம்மா, குடோன் வேலைதான். நிவாரணத்தின் முதுகெலும்பே அதுதான். பேரிடர்க் காலத்தில் எல்லா அமைப்புகளின் சரக்குப் போக்குவரத்தையும் ஒருங்கிணைக்கும் பொறுப்பு ஐ.நா.வின் உலக உணவுத் திட்டத்துக்கு. கோபன்ஹேகனில் ஐ.நா.வின் குழந்தைகள் நிதியமான யுனிசெஃபுக்குப் பிரம்மாண்டமான கிடங்கு இருக்கிறது. இத்தாலியின் பிரிண்டிசி, துபாய், பனாமா, அக்ரா போன்ற இடங்களில் ஐ.நா.வின் அவசரகாலக் கிடங்குகள் இருக்கின்றன. கப்பல் துறைமுகத்துக்கு வந்ததும் சுங்க அனுமதி வாங்குவது, மழையில் எந்தப் பாலம் லாரியைத் தாங்கும் என்று விசாரிப்பது, மூட்டைகளைச் சுவரை ஒட்டாமல் பலகை மேல் அடுக்குவது, ஏட்டில் உள்ள எண்ணிக்கையும் தரையில் உள்ளதும் பொருந்துகிறதா என்று எண்ணிப் பார்ப்பது எல்லாம் இந்த வேலைதான். ஒரு மூட்டை குறைந்தால் யாரோ ஒரு குடும்பத்துக்கு அது போய்ச் சேராது.

இதற்கு நுழைவாசல் ஜெனிவாவில் இல்லை. லாஜிஸ்டிக்ஸ் அசிஸ்டென்ட் (சரக்கு மேலாண்மை உதவியாளர்) போன்ற, 'ஜி' எனப்படும் உதவிப் பணி நிலைப் பதவிகளுக்கு அந்தந்த நாட்டிலேயே ஆள் எடுக்கிறார்கள். பள்ளிப் படிப்பும் அனுபவமும் போதும். சம்பளம் அங்குள்ள நல்ல நிறுவனங்களை ஒட்டியிருக்கும். இன்னொரு வாசல் ஐ.நா. தொண்டர் திட்டம். 1970இல் உருவானது, தலைமையகம் பான் நகரில். 18 முதல் 26 வயது வரை இளையோர் பிரிவு உண்டு. மாதாமாதம் வாழ்க்கைச் செலவுப் படி தருவார்கள்.

குறையையும் மறைக்க மாட்டேன். தொண்டர் ஐ.நா. ஊழியர் ஆகமாட்டார், பிறகு வேலை நிச்சயம் என்ற உறுதியும் கிடையாது. ஜி நிலையிலிருந்து பி நிலைக்குத் தானாக ஏற முடியாது, மறுபடி போட்டியிட வேண்டும். பணியிடக் குறைப்பு இந்தப் பக்கமும் உண்டு. ஆனால் சரக்கு மேலாண்மை தெரிந்தவரைச் செஞ்சிலுவையும் எடுத்துக்கொள்ளும், தனியார் கம்பெனியும் எடுத்துக்கொள்ளும்.

உனக்கு ஒரு வார்த்தை, மகளே. முதலில் பட்டத்தை முடி. ஒரு கிடங்கிலோ சரக்கு நிறுவனத்திலோ சம்பளத்துக்குச் சேர்ந்து, மாலையில் விநியோகச் சங்கிலி (சப்ளை செயின்) படிப்பு ஒன்றைப் படி. கூடவே பிரெஞ்சு. முகாமில் எழுதிய அந்த நோட்டைப் பத்திரமாக வைத்துக்கொள். ஐ.நா. நேர்காணலில், "நெருக்கடியில் நீங்கள் செய்த ஒன்றைச் சொல்லுங்கள்" என்கிற மாதிரிதான் கேட்பார்கள்.