அண்ணன் வருகிறார், நான் கிளம்பிவிடவா?

கேள்வி: எனக்கு 41 வயது. காட்பாடியில் ஒரு பள்ளியில் டீச்சர். கணவருக்கு ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனியில் வேலை. அப்பா போன பிறகு அம்மா வீட்டில் அம்மாவோடுதான் இருக்கிறோம். அம்மாவுக்கு சுகர், பிரஷர் இரண்டும் உண்டு. அண்ணன் மெல்பர்னில் இருக்கிறார், அண்ணி அங்கே நர்ஸ். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைகளோடு வருவார்கள். வந்தால் மூன்று வாரம் எனக்கு அடுப்படிதான். பிள்ளைகள் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து பால் கேட்பார்கள், எழுந்து காய்ச்சுவது நான். போன தடவை அண்ணி மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, "இன்னும் இதையா கொடுக்கிறீங்க?" என்றார். அண்ணன், "அம்மா ரொம்ப இளைச்சுட்டாங்களே, சரியா கவனிக்கிறதில்லையா?" என்று நாலு பேர் எதிரில் கேட்டார். சபையில் அண்ணனை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டுகிறார்கள். அம்மா நவம்பரிலிருந்தே "அவன் வரட்டும், அவன் வரட்டும்" என்கிறார். இந்தத் தடவை வீட்டைப் பற்றிப் பேசவேண்டும் என்று அண்ணன் போனில் சொல்லியிருக்கிறார். 16ஆம் தேதி வருகிறார்கள். 23ஆம் தேதியே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஆம்பூரில் மாமியார் வீட்டுக்குப் போய்விடலாமா என்று இருக்கிறது. அங்கே கொழுந்தனாரும் ஓரகத்தியும் மாமியாரோடு இருக்கிறார்கள். போனால் தப்பா?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, காட்பாடி

பதில்: போங்கள். ஆனால் 23ஆம் தேதி வேண்டாம். 26 காலையில் கிளம்பி, 31 ராத்திரி ஆராதனைக்குத் திரும்பி வந்துவிடுங்கள். அதை இந்த வாரமே அண்ணனுக்குச் சொல்லிவிடுங்கள்.

23 அன்று பெட்டியைத் தூக்கினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். அம்மா அழுவார். கிறிஸ்துமஸ் காலையில் சபையில் பார்க்கிறவர்கள் எல்லாம் "தங்கச்சி எங்கே?" என்று கேட்பார்கள், அண்ணன் மென்று விழுங்குவார். வருஷம் முழுக்க நீங்கள் செய்ததெல்லாம் அந்த ஒரு நாளில் அடிபட்டுப்போகும், பழி மட்டும் உங்கள் பேரில் நிற்கும். 26 அன்று, முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போனால் யாருக்கும் வாய் திறக்க இடமில்லை.

நீங்கள் போகவேண்டும் என்று நான் சொல்வது உங்களுக்கு ஓய்வு கிடைக்கட்டும் என்பதற்காக மட்டும் இல்லை. அப்பா போன பிறகு அண்ணன் அம்மாவைத் தனியாக ஒரு ராத்திரியாவது பார்த்துக்கொண்டிருக்கிறாரா? உங்கள் கடிதத்தைப் படித்தால் இல்லை என்றுதான் தோன்றுகிறது. சாப்பாட்டுக்கு முன்னால் எந்த மாத்திரை, பின்னால் எந்த மாத்திரை, ராத்திரி எத்தனை முறை பாத்ரூமுக்கு எழுந்திருக்கிறார், எழுந்தால் கைபிடிக்க யார் போகிறார்கள், இதெல்லாம் போனில் சொல்லி விளங்காது. இரண்டு ராத்திரி போதும், விளங்கிவிடும்.

உங்கள் மேலும் ஒரு குறை சொல்லவேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். வருகிற அண்ணனை நீங்கள் விருந்தாளியாகவே வைத்திருக்கிறீர்கள். புதுப் பெட்ஷீட், வெந்நீர், சாப்பிட்ட தட்டைக் கழுவ விடுவதில்லை, காபி உட்கார்ந்த இடத்துக்கு வருகிறது. கையில் ஒரு வேலையும் இல்லாமல் மூன்று வாரம் ஹாலில் உட்கார்ந்திருக்கிற மனுஷன் என்ன செய்வான்? சுற்றிப் பார்ப்பான், குறை கண்ணில் படும். கேட்காமலே அவர் உங்கள் கஷ்டத்தைப் புரிந்துகொள்வார் என்று காத்திருந்து எத்தனை டிசம்பர் போய்விட்டது? வேலையைப் பங்கு போட்டுக் கையில் கொடுங்கள்.

பாலிலிருந்தே ஆரம்பிக்கலாம். டிசம்பரில் மெல்பர்ன் நம்மைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. நமக்கு ராத்திரி ஒன்றரை என்றால் அங்கே காலை ஏழு. அந்தப் பிள்ளைகள் மூன்று மணிக்கு எழுவது பிடிவாதம் இல்லை, அவர்கள் வயிற்றுக்கு டிபன் நேரமே தாண்டிவிட்டது. சாயங்காலம் ஆறரை ஏழுக்குச் சாப்பாட்டுத் தட்டிலேயே சாய்வதும் அதனால்தான். உடம்பு சரியாக நாலைந்து நாள் பிடிக்கும். வந்த அன்று ராத்திரியே பிளாஸ்க்கில் சூடான பால், நாலு வாழைப்பழம், ஒரு பிஸ்கட் டப்பா எடுத்து மேஜைமேல் வையுங்கள். அண்ணியைக் கூப்பிட்டு சிலிண்டரை எப்படித் திறப்பது, சர்க்கரை எங்கே, பால் பாத்திரம் எது என்று காட்டிவிட்டு, உங்கள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குங்கள். நீங்கள் வேலை பார்க்கும் பள்ளியில் அப்போது அரையாண்டுத் தேர்வு நடந்துகொண்டிருக்கும். பேப்பர் கட்டை வீட்டுக்குத் தூக்கி வந்து திருத்துகிறவருக்கு மூன்று மணிப் பால் டியூட்டி கூடாது.

இன்னொன்று, ஏர்போர்ட். சென்னைக்குப் போய் நள்ளிரவில் உங்கள் கணவர் காத்திருக்கவேண்டாம். அண்ணனே டாக்ஸி வைத்துக்கொண்டு வரட்டும், மெல்பர்னிலிருந்து வரத் தெரிந்தவருக்கு மீனம்பாக்கத்திலிருந்து காட்பாடி வரத் தெரியும்.

அடுத்தது ஆஸ்பத்திரி. இதுதான் முக்கியம், ஏனென்றால் உங்கள் மனதில் தைத்த இரண்டு பேச்சும் அம்மா உடம்பைப் பற்றியவை. அம்மா காட்டுவது சி.எம்.சி.யிலா வேறு இடத்திலா என்று நீங்கள் எழுதவில்லை, சி.எம்.சி. என்றே வைத்துக்கொள்கிறேன். 17 முதல் 20க்குள் ஒரு நாளுக்கு இப்போதே ஆன்லைனில் அப்பாயின்ட்மென்ட் போட்டுவிடுங்கள். கிறிஸ்துமஸை ஒட்டிய வாரத்தில் டாக்டர்களும் லீவில் போவார்கள், அப்புறம் கிடைக்காது. சில பிரிவுகள் ராணிப்பேட்டை வளாகத்துக்குப் போய்விட்டன, எந்த வளாகம் என்று சீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகவேண்டியது அண்ணனும் அண்ணியும். ஃபைல், கார்டு, மாத்திரைச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் ஸ்கூலுக்குப் போங்கள்.

வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்து, இட்லி சாப்பிட்டுவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம் கொடுத்து, ரிப்போர்ட்டுக்கு நின்று, டாக்டர் கூப்பிடும்வரை பெஞ்சில் உட்கார்ந்து, மருந்துக் கவுன்ட்டரில் டோக்கன் எண் வரும்வரை போர்டைப் பார்த்துக்கொண்டு, ஒரு முழு நாள் போய்விடும். பக்கத்தில் கொல்கத்தாவிலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் வந்து லாட்ஜில் வாரக்கணக்கில் தங்கியிருப்பவர்கள் இருப்பார்கள். உட்கார்ந்து பார்க்கட்டும். மூன்று மாதச் சர்க்கரை என்று ஒரு டெஸ்ட் எடுப்பார்கள் இல்லையா, ஏறக்குறைய மூன்று மாதத்தின் சராசரியைக் காட்டுவது, அந்த எண்ணை டாக்டர் அண்ணனுக்கு எதிரில் வாசிக்கட்டும். நல்ல எண்ணாக இருந்தால் அது உங்கள் மார்க்‌ஷீட். நன்றாக இல்லையென்றால் அதைச் சரிசெய்யும் பேச்சில் மூன்று பேரும் இருப்பீர்கள், உங்களை மட்டும் கூண்டில் ஏற்ற முடியாது.

அண்ணி சொன்னதைக் கொஞ்சம் வேறு மாதிரியும் பார்க்கலாம். அவர் நர்ஸ். மாத்திரையைப் பார்த்தால் கண் போகத்தான் செய்யும், சொன்ன விதம்தான் சரியில்லை. அங்கே கொடுக்கும் மருந்தும் இங்கே கொடுக்கும் மருந்தும் ஒன்றாக இருக்கவேண்டும் என்றில்லை. சந்தேகம் இருந்தால் டாக்டர் அறைக்குள் போய்க் கேட்கட்டும். மாற்றவேண்டும் என்றால் டாக்டர் மாற்றுவார். 1946லேயே நர்ஸிங்கில் பட்டப்படிப்பு தொடங்கிய ஊர் நம்முடையது, குவைத்துக்கும் லண்டனுக்கும் நர்ஸ்களை அனுப்பிப் பழகியவர்கள் நாம். வீட்டுக்குள் ஒரு நர்ஸ் மூன்று வாரம் இருக்கப்போகிறார், அதைப் பயன்படுத்திக்கொள்ளாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வது நஷ்டம்தான்.

அண்ணன் "இளைச்சுட்டாங்க" என்றாரே, அதையும் ஒதுக்கிவிடாதீர்கள். தினமும் பார்க்கிற கண்ணுக்கு இளைப்பு தெரியாது, இரண்டு வருஷம் கழித்துப் பார்க்கிற கண்ணுக்குத் தெரியும். சுகர் இருப்பவர் எடை குறைந்தால் டாக்டரிடம் சொல்லத்தான் வேண்டும். பழைய சீட்டில் எடை எழுதியிருப்பார்கள், ஒப்பிட்டுப் பாருங்கள். ஆனால் நாலு பேர் எதிரில் அப்படிக் கேட்டது தப்பு. அதை அண்ணனிடம் தனியாக, ஒரே ஒரு முறை சொல்லுங்கள். சொல்லிவிட்டு விட்டுவிடுங்கள்.

"அவன் வரட்டும்" என்கிற அம்மாவோடு மல்லுக்கு நிற்காதீர்கள். தூரத்தில் இருக்கிற பிள்ளையின் பெயரைத்தான் அம்மாக்கள் வாயால் சொல்வார்கள். பக்கத்தில் இருக்கிற பிள்ளையைக் கூப்பிட்டு வேலைதான் சொல்வார்கள். சபையில் கைதட்டுவதும் அப்படியே. அரை நிமிஷம் தட்டுவார்கள், அப்புறம் பாட்டு ஆரம்பித்துவிடும்.

சமையலுக்கு வருவோம். கிறிஸ்துமஸ் அன்று நீங்கள் பிரியாணி கிண்டவே கூடாது. ஆம்பூர்ப் பக்கத்து மாஸ்டர்கள் கிலோ கணக்கில் சொன்னால் தேக்சாவோடு அனுப்புகிறார்கள், கத்தரிக்காய்ப் பச்சடியும் சேர்ந்து வரும். பணம் அண்ணன் கொடுக்கட்டும். அதிரசம், அச்சு முறுக்கு இரண்டையும் வெளியே சொல்லிவிடுங்கள். கல்கல் மட்டும் வீட்டில் போடுங்கள், அதற்குக் காரணம் இருக்கிறது. 22ஆம் தேதி மதியம் மாவைப் பிசைந்து, ஆளுக்கு ஒரு புதுச் சீப்பைக் கொடுத்து எல்லாப் பிள்ளைகளையும் தரையில் உட்கார வையுங்கள். சின்ன உருண்டையைச் சீப்புப் பல்லில் அழுத்திச் சுருட்டி எடுப்பதற்குள் மெல்பர்ன் பிள்ளைகளுக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் மொழி பிரச்சினையெல்லாம் போய்விடும். எண்ணெய்ச் சட்டி பக்கத்தில் அண்ணன் நிற்கட்டும். தெருவில் பலகாரத் தட்டு கொடுக்கிற வேலையும் அண்ணனுக்குத்தான், அவரைப் பார்க்கத்தானே அத்தனை பேரும் ஆசைப்படுகிறார்கள்?

அவர்கள் இருக்கும் மூன்று வாரத்துக்கு வீட்டு வேலைக்கு ஒரு ஆளைப் போட்டுக்கொள்ளுங்கள், சம்பளம் அண்ணனிடம் வாங்குங்கள். அம்மா செலவுக்கு மாதாமாதம் ஒரு தொகை அனுப்பச் சொல்லிக் கேட்பதிலும் கூச்சம் வேண்டாம். அண்ணன் தங்கைக்கு அனுப்பும் பணத்துக்கு இங்கே வருமான வரி கிடையாது.

வீட்டுப் பேச்சு: நீங்கள் ஆம்பூரில் இருக்கும் நாளில் அது கூடாது என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். வீடு அம்மா பெயரில் இருந்தால் முடிவு அம்மாவுடையது. நாளைக்கே பாகம் என்று வந்தாலும், உயில் இல்லாவிட்டால், 1925ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி கிறிஸ்தவக் குடும்பத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்குதான். அண்ணன் ஊருக்குப் போவதற்குள் கையெழுத்து ஆகவேண்டும் என்று யாராவது அவசரப்படுத்தினால் நம்பாதீர்கள், பவர் பத்திரத்தை மெல்பர்னில் இந்தியத் துணைத் தூதரகத்திலேயே எழுதி அனுப்பலாம். ஜனவரி 2 வாக்கில், பிரயாணக் களைப்பு, பலகாரக் களைப்பு எல்லாம் தீர்ந்த பிறகு, அம்மா, அண்ணன், நீங்கள் மூன்று பேர் மட்டும் உட்கார்ந்து பேசுங்கள்.

இப்போது ஆம்பூர். வேலூரிலிருந்து ஐம்பது கிலோமீட்டர்தான். உங்கள் கணவர் எத்தனை கிறிஸ்துமஸ் தன் அம்மாவோடு இருந்தார் என்று எண்ணிப் பார்த்தீர்களா? அந்த அம்மாவும் டிசம்பரில் "அவன் வரட்டும்" என்று சொல்லிக்கொண்டுதான் இருப்பார். இங்கே கோபம் வந்தால் மட்டும் ஞாபகத்துக்கு வருகிற வீடாக அது இருக்கலாமா? அங்கே போனதும் உங்களை யாரும் பாத்திரம் தொட விடமாட்டார்கள், காபி உட்கார்ந்த இடத்துக்கு வரும், மாமியாரைப் பார்த்து "இளைச்சுட்டீங்களே அத்தை" என்று உங்கள் வாயிலும் வரும். வருஷம் முழுக்க அவரைப் பார்த்துக்கொள்கிற ஓரகத்தி அடுப்படியில் இருப்பார். நேராக அங்கே போய் வெங்காயத்தை உரியுங்கள். அவர் இந்தப் பகுதிக்கு உங்களைப் பற்றிக் கடிதம் எழுதினால் நான் அவர் பக்கம்தான் பேசவேண்டியிருக்கும்.

அண்ணியின் அம்மா வீடு எங்கே என்று கடிதத்தில் ஒரு வரி இல்லை. அவருக்கும் அங்கே போகும் ஆசை இருக்கும், நாளைக் கேட்டுக்கொள்ளுங்கள். 26க்கும் 31க்கும் நடுவில் மட்டும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அண்ணனுக்கு வாட்ஸப்பில் இப்படி அனுப்பலாம்: "அண்ணா, 26 காலைலேர்ந்து 31 வரைக்கும் நாங்க ஆம்பூர்ல இருப்போம். அந்த அஞ்சு நாளும் அம்மா உங்க பொறுப்பு. மாத்திரை விவரம் எழுதி ஃபிரிட்ஜ்ல ஒட்டிடறேன். அம்மாவுக்கு 18ஆம் தேதி டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருக்கேன், நீங்களும் அண்ணியும் கூட்டிட்டுப் போங்க." இவ்வளவுதான். இதில் பழைய கதை ஒரு வார்த்தை வேண்டாம். அனுப்புவதற்கு முன்னால் அம்மாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், அண்ணன் வாயால் கேட்டால் வருத்தப்படுவார்.

கடைசியாக, கடிதத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தீர்களே, போன தடவை அண்ணன் வாங்கி வந்த ஷூ காலுக்குச் சேரவில்லை, சொல்லவும் இல்லை என்று. சொல்லுங்கள். அளவை எழுதி அனுப்புங்கள், இல்லாவிட்டால் இந்தத் தடவையும் கடிக்கும். வாங்கி வந்ததும் உள்ளே திருப்பி எங்கே தைத்தது என்று பாருங்கள். நம் ராணிப்பேட்டையாகவே இருக்கலாம், உங்கள் கணவரிடம் காட்டி விலையைக் கேளுங்கள்.