நீள்வட்டக் கொக்கொத் யாருக்கு?

தங்கச்சி, ரென் நகருக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது என்றும், பக்கத்து வீட்டு அம்மாவின் குசினியில் செம்மஞ்சள் நிற முட்டை வடிவப் பாரச் சட்டி ஒன்றைப் பார்த்ததிலிருந்து அதன் மேல் ஆசை என்றும் எழுதியிருந்தீர்கள். கடையில் விலை 300 யூரோவைத் தொடுகிறது, எங்கள் சமையலுக்கு அது சரிவருமா, வட்டம் எடுப்பதா நீள்வட்டம் எடுப்பதா என்று கேட்டிருந்தீர்கள். நான் பிரான்ஸில் 22 வருடமாகச் சமைக்கிறேன். அதில் 14 வருடம் அப்படிப்பட்ட ஒரு சட்டியோடு. அது என் வீட்டுக்கு எவ்வளவு உதவியது என்று தெரிந்துதான் இதை நீளமாக எழுதுகிறேன்.

முதலில் பெயர். இங்கே அதைக் கொக்கொத் என்பார்கள். வெறுமனே கொக்கொத் என்று கேட்டால் சில கடைகளில் பிரஷர் குக்கர் பக்கம் கூட்டிப் போவார்கள், ஏனென்றால் அதற்கும் கொக்கொத் மினுத் என்று பெயர் ஊறிவிட்டது. ‘கொக்கொத் ஆன் ஃபோன்த்’ என்று கேளுங்கள். ஃபோன்த் என்றால் வார்ப்பிரும்பு. ஆங்கிலச் சமையல் குறிப்புகளில் டச் ஓவன் என்று வருவதும் இதே சட்டிதான்.

நேரான பதில் இது: ஓவன் பாவிக்கிற எண்ணம் இருந்தால் நீள்வட்டம் எடுங்கள். அடுப்பில் மட்டும்தான் சமைப்பீர்கள் என்றால் வட்டம்தான். வார்ப்பிரும்பு சூட்டை நெடுநேரம் பிடித்து வைத்திருக்கும், ஆனால் ஓரிடத்துச் சூட்டை மற்ற இடத்துக்குக் கெதியில் கடத்தாது. உங்கள் கண்ணாடி அடுப்பின் வலயமோ வட்டம், பெரும்பாலும் 18 சென்டிமீட்டர். அதன் மேல் 29 சென்டிமீட்டர் நீளச் சட்டியை வைத்தால் நடுவில் வெங்காயம் கருகும், இரண்டு முனையிலும் பச்சையாகவே கிடக்கும். நான் முதல் வருடம் முழுக்க இந்தப் பாட்டைப் பட்டேன். சில கண்ணாடி அடுப்புகளில் நீள்வட்டமாக விரியும் வலயம் ஒன்று இருக்கும், உங்களுடையதை ஒருமுறை பாருங்கள். ஓவனுக்குள் இந்தப் பிரச்சினையே இல்லை. சூடு எல்லாப் பக்கத்தாலும் வரும், முனையும் நடுவும் ஒன்றாகவே வேகும்.

அப்படியென்றால் நீளம் எதற்கு? எலும்போடு கிடக்கிற நீளமான இறைச்சிக்கு. முழுக்கோழி வட்டச் சட்டியில் சுற்றிவர இடத்தை வீணாக்கும், நீள்வட்டத்தில் அளவாகப் படுக்கும். எங்களுக்கு அதைவிடப் பெரிய பயன் ஆட்டுக்கால் தண்டு, இங்கே ‘சூரி தானியோ’ என்று இறைச்சிக்கடையில் கிடைப்பது. நான்கு தண்டைத் தலைமாறித் தலைமாறி அடுக்கினால் 29 சென்டிமீட்டர் சட்டியில் சரியாக அமரும். நடுத்தரச் சூட்டில் எண்ணெய் விட்டு, இரண்டிரண்டாகப் போட்டுச் சிவக்க விடுங்கள். அவற்றை எடுத்துவிட்டு அதே எண்ணெயில் வெங்காயம், இஞ்சி, உள்ளி, கறுவா, ரம்பை இலை. பிறகு யாழ்ப்பாணத் தூள் மூன்று மேசைக்கரண்டி, தக்காளி இரண்டு, தண்ணீர் ஒரு கோப்பை. தண்டுகளைத் திரும்ப அடுக்கி மூடி, 150 பாகையில் மூன்று மணித்தியாலம் ஓவனில் விட்டுவிடுங்கள். எலும்பு தானாகக் கழன்று வரும்.

ஒரு கோப்பைத் தண்ணீர் காணுமா என்று நினைப்பீர்கள். காணும். மூடி பாரமானது, நீராவி வெளியே போகாமல் திரும்பச் சட்டிக்குள்ளேயே விழும். ஊரில் சட்டிக்கு விடுகிற அளவு தண்ணீர் விட்டால் குழம்பு ரசமாகிவிடும். தேங்காய்ப்பாலைக் கடைசி இருபது நிமிடத்துக்கு வையுங்கள், முதலிலேயே விட்டால் திரைந்துபோகும்.

இந்த மூன்று மணித்தியாலம்தான் எனக்கு அந்தச் சட்டி தந்த பெரிய கொடை. குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் கறி தன்பாட்டில் வேகும், நான் பக்கத்தில் இருந்து பிரெஞ்சுப் பாடம் எழுதுவேன். வினைச்சொல் மாற்றங்களைப் பாதி அப்படித்தான் பாடமாக்கினேன். கிளறக் கிளற அடுப்படியில் நின்றிருந்தால் நடந்திருக்காது. இன்னொன்று, வதக்குகிற நேரம் குறைவதால் மாடிப்படியெல்லாம் கறி மணப்பதும் குறையும். அடுக்குமாடியில் புதிதாக வந்தவர்களுக்கு அந்தக் கவலை எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும்.

அளவைப் பற்றி. சட்டியில் எழுதியிருக்கிற 29 என்பது அதன் வாயின் நீளம் மட்டும், கைபிடி சேராது. கைபிடிகளோடு இன்னும் எட்டு ஒன்பது சென்டிமீட்டர் கூடும். வாங்குவதற்கு முன் ஓவனின் உள் அகலத்தையும், தட்டுக்கு மேலுள்ள உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள். மேசையில் வைக்கிற சின்ன ஓவன் என்றால் அநேகமாக உள்ளே போகாது. நான்கைந்து பேருக்கு 29 காணும். வெறும் சட்டியே கிட்டத்தட்ட ஐந்து கிலோ, கறியோடு எட்டைத் தாண்டும். மணிக்கட்டு நோவு இருந்தால் அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம்.

புதிதாக வாங்கத்தான் வேண்டுமென்றால் ஜனவரியிலும் ஜூன் கடைசியிலும் தொடங்குகிற சோல்த் தள்ளுபடிக் காலம் வரை பொறுங்கள். நான் சொல்வது பழையதை வாங்குங்கள் என்பதுதான். எம்மாவுஸ் என்ற தொண்டு அமைப்பின் பழைய பொருள் கடைகள், ஞாயிறுகளில் தெருவில் விரிக்கிற வீது கிரெனியே சந்தைகள், ஆட்கள் பழைய பொருட்களை விற்கிற லு பொன் குவான் இணையத்தளம், மூன்றிலும் இவை தொடர்ந்து வரும். இந்தச் சட்டிகளில் பெயர்பெற்ற லு க்ரூஸே நிறுவனத்தை 1925இல் வட பிரான்ஸின் ஃப்ரெனுவா லு கிரான் ஊரில் இரண்டு பெல்ஜியர்கள் தொடங்கினார்கள். ஒருவர் வார்ப்பு தெரிந்தவர், மற்றவர் எனாமல் தெரிந்தவர். பிரெஞ்சுக் குடும்பங்களில் பாட்டியிடமிருந்து பேத்திக்குப் போகிற சட்டிகள் இவை, வீடு காலி செய்யும்போது சந்தைக்கு வந்துவிடும். ஸ்தோப் என்பது இன்னொரு நிறுவனம், கிழக்கு பிரான்ஸின் அல்சாஸில் 1974இல் வந்தது, அதன் சட்டிகளின் உள்பக்கம் கறுப்பு. குசான்ஸ் என்று அடியில் பொறித்த பழைய சட்டியைக் கண்டாலும் விடாதீர்கள், அந்த நிறுவனத்தை லு க்ரூஸே 1957இல் வாங்கிக்கொண்டது. குசான்ஸ் சட்டிகளில் சிலவற்றின் மூடி கிண்ணம் போலக் குழிந்திருக்கும். முந்தைய காலத்தில் அதில் தணலை அள்ளிப் போட்டு மேலாலும் சூடு கொடுத்தார்களாம். எங்கள் அம்மம்மா சட்டி மூடியில் சிரட்டைத் தணல் போட்டு கேக் வேகவைத்தவர். முதன்முதலாக அந்த மூடியைச் சந்தையில் கண்டபோது நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.

பழையதில் பார்க்க வேண்டியது உள்பக்கம். மங்கலாக, பழுப்பாக இருந்தால் பரவாயில்லை. எனாமல் பெயர்ந்து இரும்பு தெரிந்தால் இலவசமாகத் தந்தாலும் வேண்டாம், அந்த இடத்திலிருந்து மேலும் பெயர்ந்து சாப்பாட்டில் விழும். அடியைக் கையால் தடவிப் பாருங்கள், சொரசொரப்பாக இருந்தால் உங்கள் கண்ணாடி அடுப்பைக் கீறும். மூடிக் குமிழ் பழைய கறுப்புப் பிளாஸ்டிக் என்றால் 190 பாகைக்கு மேல் போகாதீர்கள், அல்லது குமிழைக் கழற்றி உலோகக் குமிழ் மாட்டுங்கள். உள்நிறம் வெளிறியதா கறுப்பா என்றால், நான் வெளிறியதைத்தான் சொல்வேன். வெங்காயம் எந்த நிறத்துக்கு வந்திருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும்.

எனாமல் என்பது இரும்பின் மேல் உருக்கி ஒட்டிய கண்ணாடி. இதை மனதில் வைத்தால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். என் முதல் சட்டியைக் கொதிக்கக் கொதிக்க சிங்கில் வைத்துக் குளிர்தண்ணீரைத் திறந்துவிட்டேன். படக்கென்று ஒரு சத்தம், உள்ளே நீளமாக ஒரு வெடிப்பு. அன்றைக்கு அழுதேன், மூன்று மாதம் சேர்த்து வாங்கிய சட்டி அது. ஆறவிட்டுத்தான் கழுவ வேண்டும். வெறும் சட்டியை உச்ச சூட்டில் வைக்கவும் கூடாது, முக்கியமாக இண்டக்ஷன் அடுப்பில். தாளிக்கும்போது எண்ணெயை முதலே விட்டு நடுச்சூட்டில் பொறுத்திருங்கள். கடுகு பிந்தித்தான் வெடிக்கும். சட்டி சூடேறிய பிறகு அடுப்பை இன்னும் குறைக்கலாம்.

அகப்பையைச் சட்டி விளிம்பில் டக் டக் என்று தட்டுகிற பழக்கம் எங்கள் எல்லோருக்கும் உண்டு. அதை மட்டும் விட்டுவிடுங்கள், விளிம்புதான் முதலில் உடையும். ஊரிலிருந்து யாராவது வந்தால் சிரட்டை அகப்பை இரண்டு கொண்டுவரச் சொல்லுங்கள், எனாமலுக்கு அதைவிட நல்லது இல்லை. புளிக்குப் பயப்பட வேண்டாம், வெறும் இரும்பைப் போல எனாமல் புளியோடு சண்டை பிடிக்காது. மஞ்சள் கறை வரும். தண்ணீரில் சமையல் சோடா இரண்டு கரண்டி போட்டுக் கொதிக்க வைத்து ஆறவிட்டுத் தேயுங்கள். மிச்சம் இருந்தால் கோடையில் பல்கனி வெயிலில் கவிழ்க்காமல் வையுங்கள், மஞ்சளின் நிறம் வெயிலுக்கு நிற்காது.

சந்தையில் ஏதாவது கண்டால் உள்பக்கத்தையும் அடியையும் படமெடுத்து அனுப்புங்கள், உடனே பார்த்துச் சொல்கிறேன். காலை எட்டு மணிக்கு முன் போங்கள், நல்ல சட்டிகள் ஒன்பதுக்குள் போய்விடும்.