பிஎச்பி வெர்ஷன் மாத்தினதும் பழைய கோட் ஏன் உடையுது?

கோட்ல ஒரு எழுத்துகூட தொடல, சர்வர்ல பிஎச்பி 5.6-ஐ 8-ஆ மாத்தினதும் சைட் மொத்தமும் வெள்ளையா வருதுன்னு கேட்டிருக்கீங்க. கோட் மாறல, அதைப் படிக்கிற மொழி மாறிடுச்சு.

டேட்டாபேஸோட பேசுற, mysql_-னு ஆரம்பிக்கிற பழைய மைஎஸ்க்யூஎல் ஃபங்ஷன் எல்லாத்தையும் 2015 டிசம்பர்ல வந்த 7.0-லயே தூக்கிட்டாங்க, 5.5-லயே வார்னிங் குடுத்தாங்கதான், ஆனா எரர் காட்டுறதை ஆஃப் பண்ணி வெச்சிருந்தா யார் கண்ணுலயும் பட்டிருக்காது. உங்க வெள்ளை ஸ்க்ரீனுக்கு பெரும்பாலும் இதான் காரணமா இருக்கும், அந்த இடத்தையெல்லாம் பிடிஓ-வுக்கு (PDO, டேட்டாபேஸோட பேச பிஎச்பியில இப்போ இருக்கிற வழி) மாத்தி எழுதணும்.

இப்படி பொட்டுன்னு நின்னு போற கோட் பரவாயில்ல, லாக்ல லைன் நம்பரோட தெரிஞ்சிடும். சத்தமில்லாம தப்பா ஓடுறதுதான் ஆபத்து. 0-ஐயும் "ராஜா"ங்கிற ஸ்ட்ரிங்கையும் ரெண்டு சமக்குறி போட்டு ஒப்பிட்டுப் பாருங்க. 7 வரைக்கும் ஸ்ட்ரிங்கை நம்பரா மாத்தி 0-ன்னு எடுத்துக்கும், அதனால ட்ரூ வரும், 8-ல நம்பரை ஸ்ட்ரிங்கா மாத்திப் பாக்குது, அதனால ஃபால்ஸ். எரரே வராது, இஃப் மட்டும் வேற பக்கம் போயிடும். இதைக் கண்டுபிடிக்க நான் ஒரு தடவை ரெண்டு நாள் உக்காந்திருக்கேன், தயவுசெஞ்சு மூணு சமக்குறி போடுங்க. இன்னொண்ணு, நல் (null, அதாவது எதுவுமே இல்லாத) வேல்யூவை count() போட்டு எண்ணினா 7.2-ல வெறும் வார்னிங், 8-ல அங்கேயே நின்னுடும்.

லைவ் சைட்ல கை வைக்காதீங்க. ஒரு காப்பி எடுத்து எல்லா எரரையும் ஆன் பண்ணி முதல்ல 7.4-ல ஓட்டுங்க, அங்க வர்ற டெப்ரிகேட்டட் (இதை இனிமே தூக்கிடுவோம்ங்கிற) மெசேஜ் ஒண்ணு விடாம சரி பண்ணிட்டு அப்புறமா 8-க்கு போங்க.