கணினி கேள்வி–பதில்: வண்டி ஏறினால் அறுந்துபோகும் உள்நுழைவு

கேள்வி: கோத்தகிரி பகுதியில் சிறு விவசாயிகளிடம் பசுந்தேயிலை வாங்கும் தொழிற்சாலை ஒன்றுக்கு, எடை பதியும் இணையச் செயலியை பிஎச்பி நிரல்மொழியில் எழுதித் தந்திருக்கிறேன். அலுவலகத்தில் அது ஒழுங்காக ஓடுகிறது. கொள்முதல் வண்டியில் ஹட்டி ஹட்டியாக (ஹட்டி என்றால் படுகர் சிற்றூர்) செல்லும் ஊழியரோ, எடையைப் பதிந்து 'சேமி' பொத்தானை அழுத்தும்போது உள்நுழைவுப் பக்கத்துக்குத் தள்ளப்படுகிறார். பதிந்த எடையும் போய்விடுகிறது. டவர் சரியில்லாததுதான் காரணமா?
— ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்: டவர் இல்லாவிட்டால் எந்தப் பக்கமும் திறக்காது. உள்நுழைவுப் பக்கம் தடையின்றித் திறக்கிறது என்றால், இணைப்பு இருக்கிறது, ஆளைத்தான் சர்வர் மறந்துவிட்டது என்று பொருள். எனவே மலையின் மீது பழி போட வேண்டியதில்லை.

வலைப்பக்கங்களைக் கொண்டுவரும் எச்டிடிபி நெறிமுறைக்கு இயல்பிலேயே நினைவு கிடையாது. ஒவ்வொரு கோரிக்கையும் அதற்குப் புது ஆள்தான். இந்தக் குறையைத் தீர்க்கவே 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மாண்டுல்லி குக்கியை உருவாக்கினார். கோயில் வாசலில் செருப்பை விட்டு டோக்கன் வாங்குவது போல, உள்நுழையும்போது சர்வர் தரும் எண்ணை உலாவி குக்கியாக வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் நீட்டுகிறது. அந்த எண்ணுக்குரிய செஷன் விவரம், அதாவது உள்நுழைந்தவர் யார் என்ற தற்காலிகக் குறிப்பு, சர்வரில் இருக்கிறது. டோக்கன் தொலைந்ததா, டோக்கன் இருந்தும் அதைச் சர்வர் ஏற்கவில்லையா என்பதுதான் முதலில் தெரிய வேண்டும். அலுவலகத்தில் சிக்கல் இல்லை என்பதால், இரண்டாவதைத்தான் சந்தேகிக்கிறேன்.

உங்கள் நிரலில், செஷனுக்குள் ஐபி முகவரியை (இணைய இணைப்புக்குத் தரப்படும் எண்) சேமித்து, அது மாறினால் வெளியேற்றும் வரி இருக்கிறதா என்று பாருங்கள். செஷன் திருட்டைத் தடுக்கும் நல்ல நோக்கத்தில் பலர் இதை எழுதுகிறார்கள். ஒரே இடத்தில் இருக்கும் மேசைக் கணினிக்கு அது ஓரளவு பொருந்தலாம். வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கும், விட்டுவிட்டுக் கிடைக்கும் இணைப்புக்கும் மாறிக்கொண்டே மலைப்பாதையில் செல்லும் கைப்பேசியின் முகவரி மாறத்தான் செய்யும். இதைச் சோதிக்க வண்டி ஏற வேண்டியதில்லை: அலுவலக வைஃபையில் உள்நுழைந்து, வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் அதே பக்கத்தைப் புதுப்பியுங்கள். உடனே வெளியே தள்ளினால் காரணம் அந்த வரிதான், அதை நீக்கிவிடுங்கள். திருட்டைத் தடுக்க, உள்நுழைந்தவுடன் செஷன் எண்ணைப் புதிதாக மாற்றுவதும், குக்கிக்கு செக்யூர் (மறையாக்கிய இணைப்பில் மட்டும் அனுப்பு), எச்டிடிபி-ஒன்லி (பக்கத்தில் ஓடும் நிரல் படிக்கக் கூடாது) ஆகிய பண்புகளைத் தருவதும் மேலான வழி.

தள்ளாவிட்டால் நேரத்தைப் பாருங்கள். பிஎச்பியில் செஷனின் இயல்பான ஆயுள் 1440 விநாடி, அதாவது 24 நிமிடம். ஒரு ஹட்டியில் எடை போட்டு முடித்து அடுத்த ஹட்டியை அடைவதற்குள் அது கடந்துவிடும். காலாவதியான செஷன்களைத் துடைக்கும் வேலை ஒவ்வொரு கோரிக்கையிலும் நடக்காமல் இடையிடையே நடப்பதால், ஒரு நாள் தள்ளும், ஒரு நாள் தள்ளாது. பிழை தேடுபவரைக் குழப்புவதும் இதுதான். பிற தளங்களோடு பகிர்ந்துகொள்ளும் சர்வரில் செஷன் கோப்புகள் பொதுவான கோப்புறையில் இருந்தால், குறைந்த ஆயுள் வைத்திருக்கும் வேறொரு தளம் உங்கள் கோப்புகளையும் துடைத்துவிடும். ஆகவே தனிக் கோப்புறை வைத்து, ஆயுளை ஒரு பணிநேர அளவுக்கு உயர்த்துங்கள். விவசாயியின் வங்கி விவரத்தை மாற்றும் பக்கத்தில் மட்டும் கடவுச்சொல்லை மீண்டும் கேளுங்கள்.

இவை எல்லாம் சரியான பிறகும், பதியும் எடையைச் சர்வர் ஏற்றுக்கொள்ளும் வரை கைப்பேசியிலேயே ஒரு படி சேமித்து வையுங்கள். விவசாயியின் எடை காணாமல் போவதற்கு நுட்பக் காரணம் சொல்லி யாரும் தப்ப முடியாது.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் புதிதாக விண்டோஸ் நிறுவிய ஒரு கணினியில் மட்டும், கடவுச்சொல் கொடுத்தவுடன் மறுபடி உள்நுழைவுப் பக்கமே வருகிறது. தவறான கடவுச்சொல் கொடுத்தால் 'தவறு' என்று முறையாகச் சொல்கிறது. கடிகாரமும் சரியான நேரத்தையே காட்டுகிறது.
— ஒரு வாசகி, குன்னூர்

பதில்: நல்ல தடயம் தந்திருக்கிறீர்கள். சரியான கடவுச்சொல்லைச் சர்வர் ஏற்கிறது; அதன்பின் உலாவியில்தான் ஏதோ நடக்கிறது. கடிகாரத்தின் முள்ளை விட்டுவிட்டு, அதன் நேர மண்டலத்தைப் பாருங்கள். அமெரிக்கப் பசிபிக் மண்டலம் தேர்வாகியிருக்க, யாரோ மணியை மட்டும் கையால் இந்திய நேரத்துக்குத் திருத்தியிருந்தால், திரையில் எல்லாம் சரியாகத் தெரியும். உள்ளுக்குள் அந்தக் கணினி பதின்மூன்றரை மணி நேரம் (அங்கே கோடைக்கால நேரம் நடப்பில் இருந்தால் பன்னிரண்டரை மணி நேரம்) முன்னே ஓடிக்கொண்டிருக்கும். சர்வர் தரும் டோக்கனின் காலாவதியைக் கணினியின் கடிகாரத்தோடு ஒப்பிடும் செயலியாக இருந்தால், எட்டு மணி நேர டோக்கன் கைக்கு வரும்போதே செத்துப்போனதாகக் கணக்காகும். இந்திய மண்டலத்தைத் தேர்ந்தெடுத்து, நேரத்தைத் தானாக அமைக்கும் வசதியை இயக்குங்கள். செயலியை எழுதியவரிடமும் சொல்லிவையுங்கள்: காலாவதியைத் தீர்மானிக்க வேண்டியது சர்வரின் கடிகாரம்.

கேள்வி: எங்கள் விடுதியின் தளத்தில் உள்நுழைந்த பிறகு, 'கணக்கு' இணைப்பைச் சொடுக்கினால் மட்டும் மறுபடி உள்நுழையச் சொல்கிறது.
— ஒரு வாசகர், கூடலூர்

பதில்: அந்த இணைப்பின் முகவரியில் முன்னொட்டாக 'டபிள்யூ டபிள்யூ டபிள்யூ' இருக்கிறதா, மற்றப் பக்கங்களில் இல்லையா என்று பாருங்கள். டொமைன் (தளத்தின் பொதுப் பெயர்) குறிப்பிடாமல் ஒரு முகவரிக்குத் தந்த குக்கியை உலாவி மற்றதற்கு அனுப்பாது. இரண்டில் ஒன்றை நிலையாக வைத்து, மற்றதை அதற்கே திருப்பிவிடச் சொல்லுங்கள்.