புரோஜெஸ்டிரோனை மட்டும் விட்டுவிடலாமா?

மெனோபாஸ் தொல்லைகள், ஹார்மோன் சிகிச்சை பற்றி வாசகிகள் அனுப்பிய கேள்விகளும் மகப்பேறு மருத்துவரின் பதில்களும்.

எனக்கு 48 வயது. மாதவிடாய் இரண்டு மாதம், மூன்று மாதம் தள்ளித் தள்ளி வருகிறது. நெஞ்சிலிருந்து முகம் வரை குப்பென்று சூடேறி வியர்த்துக் கொட்டுகிறது. ராத்திரி தூக்கமே இல்லை. மெனோபாஸ்தானா என்று உறுதிசெய்ய எஃப்.எஸ்.எச். (சூலகத்தைத் தூண்டும் ஹார்மோன்) ரத்தப் பரிசோதனை அவசியமா?

அவசியமில்லை. 45 வயதைத் தாண்டியவருக்கு நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்களே போதும். இந்தக் கட்டத்தில் எஃப்.எஸ்.எச். அளவு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். இன்றைக்கு மெனோபாஸ் என்று காட்டுவது அடுத்த மாதமே சாதாரணமாக இருக்கும். 45-க்குக் கீழே, குறிப்பாக 40-க்குக் கீழே மாதவிடாய் நின்றவர்களுக்குத்தான் அந்தப் பரிசோதனை உதவும். உங்களுக்குப் பார்க்க வேண்டியது டி.எஸ்.எச். என்ற தைராய்டு பரிசோதனை. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதே வியர்வையும் படபடப்பும் வரும்.

சூடேறுவது ஏன்? மூளையின் ஹைபோதலாமஸ் பகுதியில் உடல் வெப்பத்தைச் சீராக வைக்கும் அமைப்பு இருக்கிறது. அங்கே, சூலகம் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் அடக்கி வைத்திருந்த சில நரம்பணுக்கள், அது குறைந்ததும் மிகையாக வேலை செய்யத் தொடங்குகின்றன. அதனால் உடல் சூடு இம்மி கூடினாலும், பெரிதாகச் சூடேறிவிட்டது என்று அந்த அமைப்பு தப்பாகக் கணக்கிட்டு ரத்தநாளங்களை விரித்து வியர்க்க வைத்துவிடுகிறது.

மாதவிடாய் முழுவதும் நிற்கும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டாம். தினமும் ஈஸ்ட்ரோஜன், மாதத்தில் 12 முதல் 14 நாட்கள் புரோஜெஸ்டிரோன் (சூலகத்தின் இன்னொரு ஹார்மோன்) என்று இப்போதே தொடங்கலாம். புரோஜெஸ்டிரோன் நாட்கள் முடிந்ததும் மாதவிடாய் போல உதிரம் வரும். சூடு தணிவது இரண்டு முதல் நான்கு வாரத்தில் தெரிய ஆரம்பிக்கும். முழுப் பலன் தெரிய மூன்று மாதம் ஆகலாம். பத்து நாளில் "இது வேலை செய்யவில்லை" என்று நிறுத்துபவர்கள் அதிகம். இன்னொன்று: இது கருத்தடை மருந்து அல்ல. 50 வயதுக்கு முன் மாதவிடாய் நின்றால் கடைசி மாதவிடாயிலிருந்து இரண்டு வருடம், அதற்குப் பின் நின்றால் ஒரு வருடம் கருத்தடை தேவை.

ஈஸ்ட்ரோஜன் ஜெல் தடவுகிறேன். இரவில் புரோஜெஸ்டிரோன் 100 மி.கி. காப்ஸ்யூல். ஜெல் நன்றாக ஒத்துக்கொள்கிறது. காப்ஸ்யூல் போட்டால் மறுநாள் காலை தலை பாரம், எரிச்சல். ஜெல்லே போதுமே, காப்ஸ்யூலை விட்டுவிடலாமா?

கர்ப்பப்பை இருக்கிறதா? இருந்தால், கூடாது. மெனோபாஸ் சிகிச்சையில் நடக்கும் தவறுகளில் மிக ஆபத்தானது இதுதான். செய்பவருக்கு ஒன்றும் தெரியாது, உடம்பு இன்னும் லேசாகவே இருக்கும். அதனாலேயே ஆபத்து கூடுதல்.

ஈஸ்ட்ரோஜன் கர்ப்பப்பையின் உட்சவ்வை வளர்க்கும். அந்த வளர்ச்சியைக் கட்டுப்படுத்துவது புரோஜெஸ்டிரோன். அது இல்லாமல் மாதக்கணக்கில் ஈஸ்ட்ரோஜன் மட்டும் போனால் சவ்வு தடித்து, சிலருக்குப் புற்றுநோயாக மாறும். ஈஸ்ட்ரோஜனைத் தனியாகக் கொடுத்த 1970-களில் கர்ப்பப்பைப் புற்றுநோய் கூடியதைப் பார்த்த பிறகே, கூடவே இன்னொரு ஹார்மோனும் என்ற முறை உறுதியானது. கர்ப்பப்பையை எடுத்துவிட்டவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும். அவர்களிலும் எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உட்சவ்வு போன்ற திசு வெளியே வளரும் நோய்) கடுமையாக இருந்தவர்களுக்குச் சில காலம் இரண்டும் தேவைப்படலாம்.

தலை பாரத்துக்கு வழி இருக்கிறது. காப்ஸ்யூலைச் சாப்பாட்டோடு போடுகிறீர்களா என்று பாருங்கள். உணவோடு போனால் ரத்தத்தில் ஏறும் அளவு கூடும், மயக்கமும் கூடும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, படுக்கப் போகும்போது போடுங்கள். இந்த மருந்துக்கே தூக்கம் வரவைக்கும் குணம் உண்டு. தூக்கமில்லாதவர்களுக்கு அது வரம், காலையில் போட்டால் தொல்லை. அப்படியும் சரிவரவில்லை என்றால் மருத்துவரிடம் கேட்க வேண்டிய மாற்றுகள்: டைட்ரோஜெஸ்டிரோன் மாத்திரை, அல்லது 52 மி.கி. லெவோநோர்ஜெஸ்ட்ரல் (புரோஜெஸ்டிரோன் வகைச் செயற்கை ஹார்மோன்) உள்ள ஹார்மோன் காப்பர்-டி (பேச்சுவழக்கில்தான் அப்படி, அதில் காப்பர் கிடையாது). கர்ப்பப்பைக்குள் வைக்கும் அது ஐந்து வருடம் சவ்வைக் காக்கும். அதன் ஹார்மோன் உடம்பு முழுக்கப் பரவுவது மிகக் குறைவு என்பதால் எரிச்சல் குணமும் பெரும்பாலும் அடங்கும்.

தோலில் தடவும் புரோஜெஸ்டிரோன் க்ரீமை நம்ப வேண்டாம். கர்ப்பப்பையைக் காக்கும் அளவு அதிலிருந்து உள்ளே போவதில்லை. ஈஸ்ட்ரோஜன் அளவைக் கூட்டினால் புரோஜெஸ்டிரோனையும் கூட்ட வேண்டுமா என்று கேளுங்கள். நிலக்கடலை அலர்ஜி உள்ளவர்கள் காப்ஸ்யூல் அட்டையைப் படித்துவிட்டு வாங்குங்கள், சிலவற்றில் கடலை எண்ணெய் சேர்க்கிறார்கள்.

வாரம் இருமுறை மாற்றும் ஈஸ்ட்ரோஜன் பேட்ச் (தோலில் ஒட்டும் மருந்துத் துண்டு) எனக்கு இரண்டாவது நாளே ஓரம் கழன்றுவிடுகிறது.

எண்ணெய், க்ரீம், பவுடர் பட்ட தோலில் எந்தப் பேட்ச்சும் நிற்காது. குளித்து உடம்பு நன்றாகக் காய்ந்து, சூடு ஆறிய பிறகு இடுப்புக்குக் கீழே, பிட்டத்திலோ அடிவயிற்றின் பக்கவாட்டிலோ ஒட்டுங்கள். பாவாடை நாடாவும் எலாஸ்டிக்கும் உரசும் இடம் வேண்டாம். மார்பகத்தில் ஒட்டவே கூடாது. உள்ளங்கையால் 10 விநாடி அழுத்திப் பிடித்தால் கைச்சூட்டில் பசை பிடிக்கும். ஓரத்தையும் விரலால் ஒரு சுற்று நீவிவிடுங்கள். ஒட்டிய இடத்தில் மறுபடி ஒட்ட ஒரு வாரமாவது போகட்டும், இல்லையென்றால் தோல் சிவந்து அரிக்கும். விழுந்துவிட்டால் புதியதை ஒட்டுங்கள், ஆனால் மாற்றும் கிழமையை மாற்றாதீர்கள். கழற்றியதில் மருந்து மிச்சம் இருக்கும். பசைப் பக்கம் உள்ளே போகுமாறு மடித்து, குழந்தைகள் எடுக்காத இடத்தில் போடுங்கள்.

அப்படியும் நிற்காவிட்டால் ஜெல்லுக்கு மாறலாம். தோள் வரை மேல்கையிலோ தொடையின் உட்பக்கத்திலோ மெல்லியதாகப் பரப்பி, தேய்க்காமல் ஐந்து நிமிடம் காயவிடுங்கள். கையைக் கழுவுங்கள். ஒரு மணி நேரம் குளியல் வேண்டாம், அந்த இடத்தில் வேறு க்ரீமும் வேண்டாம். காய்வதற்குள் குழந்தையைத் தூக்கினால் மருந்து அதன் தோலுக்குப் போகும்.

ஹார்மோன் எடுத்தால் மார்பகப் புற்றுநோய் வரும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். உண்மை என்ன?

இந்தப் பயத்தின் வேர் 2002 ஜூலையில் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று: விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ். கர்ப்பப்பை உள்ள 16,608 பெண்களுக்குக் குதிரைச் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜனும், மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் என்ற செயற்கை ஹார்மோனும் கலந்த மாத்திரை அல்லது வெற்று மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். மார்பகப் புற்றுநோய் வெற்று மாத்திரைக்காரர்களில் வருடத்துக்கு 10,000-க்கு 30 பேருக்கும், ஹார்மோன் எடுத்தவர்களில் 38 பேருக்கும் வந்தது. செய்தித்தாள்கள் அதை "26 சதவீதம் அதிகம்" என்று போட்டன. இரண்டும் ஒரே கணக்குதான். படிப்பவர் மனதில் ஏறும் விதம் வேறு.

அந்தப் பெண்களின் சராசரி வயது 63. சூடும் வியர்வையுமாக 48, 50-ல் வருபவர்கள் அல்ல. கர்ப்பப்பை எடுத்தவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்த ஆய்வின் இன்னொரு பிரிவில் மார்பகப் புற்றுநோய் கூடவில்லை. நீண்டகாலக் கணக்கில் குறைந்தே இருந்தது.

அதற்காக அபாயமே இல்லை என்று சொல்லும் கூட்டத்தோடும் நான் சேர மாட்டேன். ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோன் வகையும் சேர்ந்த சிகிச்சையில் சிறிய அபாயம் உண்டு, வருடங்கள் கூடக் கூட அதுவும் கூடும், நிறுத்திய பின் குறையும். 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்குள் தொடங்கும் ஆரோக்கியமான பெண்ணுக்குத் தொல்லை கடுமையாக இருந்தால், பெரும்பாலும் நன்மையின் பக்கமே தராசு தாழும். வயதுக்கேற்ற மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) பரிசோதனையை மட்டும் தவறவிடாதீர்கள்.

என் எடை 92 கிலோ. அம்மாவுக்குக் காலில் ரத்தம் உறைந்திருக்கிறது. மாத்திரையா, பேட்ச்சா?

பேட்ச் அல்லது ஜெல். மாத்திரையாக விழுங்கும் ஈஸ்ட்ரோஜன் குடலிலிருந்து நேராகக் கல்லீரலுக்குப் போகிறது. ரத்தம் உறைய வைக்கும் புரதங்களை அங்கே அதிகம் சுரக்க வைக்கிறது. தோல் வழியாகப் போவது அந்தச் சுற்றைத் தவிர்த்துவிடும். வழக்கமான அளவுகளில் பேட்ச்சோ ஜெல்லோ ரத்தக்கட்டு அபாயத்தைக் கூட்டுவதாகத் தெரியவில்லை. ஒற்றைத் தலைவலி, பித்தப்பைக் கல், டிரைகிளிசரைட் (ஒரு ரத்தக் கொழுப்பு) கூடுதல் உள்ளவர்களுக்கும் இதே வழிதான். அம்மாவுக்கு எந்த வயதில், எந்தச் சூழலில் வந்தது என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். தைராய்டு மாத்திரை எடுப்பவர்களுக்கும் தோல் வழி வசதி. ஈஸ்ட்ரோஜன் மாத்திரை தொடங்கினால் தைராக்ஸின் அளவைக் கூட்ட வேண்டி வரலாம், ஆறு முதல் எட்டு வாரத்தில் டி.எஸ்.எச். பார்க்க வேண்டும்.

சிகிச்சை தொடங்கி நான்கு மாதம். அவ்வப்போது ரத்தத் துளி படுகிறது. நிறுத்தவா?

முதல் ஆறு மாதம் வரை இது சகஜம். புரோஜெஸ்டிரோனை ஓரிரு நாள் மறந்தீர்களா, கடைசி மாதவிடாய் முடிந்து ஒரு வருடம் ஆகும் முன்பே இரண்டையும் இடைவெளியின்றித் தினமும் எடுக்கத் தொடங்கினீர்களா என்று பாருங்கள். பாதிப் புதிர் அங்கேயே அவிழும். ஆறு மாதத்துக்குப் பிறகும் தொடர்ந்தாலோ, நின்றுபோய் மறுபடி தலைகாட்டினாலோ, எப்போதாவது அதிகமாகப் போனாலோ, சவ்வின் தடிமனை ஸ்கேனில் பார்த்தாக வேண்டும். தேவைப்பட்டால் சதைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பார்கள்.

61 வயது. சூடு, வியர்வை எல்லாம் போய்விட்டது. ஆனால் உறவின்போது எரிச்சல், வலி. மாதம் தவறாமல் சிறுநீர்த் தொற்று. இந்த வயதில் ஹார்மோன் கூடாதாமே?

உங்களுக்குத் தேவை உடம்பு முழுக்கப் போகும் ஹார்மோன் அல்ல. 10 மைக்ரோகிராம் எஸ்ட்ரடையால் (ஒரு வகை ஈஸ்ட்ரோஜன்) மாத்திரையைப் பிறப்புறுப்பினுள் இரண்டு வாரம் தினமும் இரவில் வைத்து, பிறகு வாரம் இரண்டு நாள் தொடர வேண்டும். எஸ்ட்ரியால் க்ரீமும் இருக்கிறது. ரத்தத்தில் ஏறுவது மிகச் சொற்பம், ஆகையால் இதற்கு மட்டும் புரோஜெஸ்டிரோன் துணை வேண்டாம். பெட்டிக்குள் இருக்கும் துண்டுச்சீட்டில் விழுங்கும் ஹார்மோன் மாத்திரைக்கு உரிய எச்சரிக்கைகளையே இதற்கும் அச்சிட்டிருப்பார்கள். அதைப் படித்துப் பயந்து பிரிக்காமலே வைத்துவிட்டவர்கள் பலர். தொற்றும் குறையும். நிறுத்தினால் வறட்சி திரும்பும் என்பதால் வருடக்கணக்கில் தொடரலாம்.

மார்பகப் புற்றுநோய் முடிந்து, அது திரும்பாமல் தடுக்கும் தமொக்சிஃபென் மாத்திரை எடுக்கிறேன். சூடு தாங்கவில்லை.

ஹார்மோன் சிகிச்சை உங்களுக்கு இல்லை. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் வென்லாஃபாக்ஸின் குறைந்த அளவில் உதவும். இரவுத் தொல்லை அதிகம் என்றால் நரம்பு வலிக்குக் கொடுக்கும் கேபபென்டின். பாராக்ஸிடின் என்ற இன்னொரு மனச்சோர்வு மருந்து மட்டும் வேண்டாம், அது தமொக்சிஃபெனை உடல் செயல்படும் வடிவத்துக்கு மாற்றுவதைத் தடுக்கும். முதல் பதிலில் சொன்ன நரம்பணுக்களையே அடக்கும் ஃபெசோலினெட்டன்ட் என்ற ஹார்மோன் இல்லாத மருந்துக்கு அமெரிக்காவில் 2023-ல் அனுமதி கிடைத்தது. அதற்குக் கல்லீரல் பரிசோதனை தேவை. எதையும் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் தொடங்காதீர்கள்.

எத்தனை வருடம் எடுக்கலாம்? எப்படி நிறுத்துவது?

இத்தனை வருடம் என்ற கெடு கிடையாது. வருடத்துக்கு ஒருமுறை மருத்துவரோடு உட்கார்ந்து, இன்னும் தேவையா என்று பாருங்கள். 40 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றவர்கள் குறைந்தது 50, 51 வயது வரை எடுப்பது எலும்புக்கும் இதயத்துக்கும் நல்லது. அவர்களுக்கு 2002 கணக்கைப் பொருத்திப் பார்க்கக் கூடாது. நிறுத்தும்போது 50 மைக்ரோகிராம் பேட்ச் 25 ஆகி, அதில் இரண்டு மூன்று மாதம் ஓடட்டும். சூடு திரும்பினால் பழைய அளவுக்குப் போய் அடுத்த வருடம் மறுபடி முயலலாம். குறைப்பது ஈஸ்ட்ரோஜனை, அது நிற்கும் நாள் வரை புரோஜெஸ்டிரோனும் கூடவே போக வேண்டும்.