உருளைக்கிழங்கைச் சுடப் புதுச் சாதனம் வேண்டுமா?

கேள்வி: எங்கள் வீட்டில் மைக்ரோவேவ் மட்டும்தான் இருக்கிறது. முழு உருளைக்கிழங்கைத் தோலோடு அதில் வைத்தால், தோல் சுருங்கிச் சவசவத்துப் போகிறது. உள்ளே ஓரிடம் குழைந்தும் ஓரிடம் நறுக்கென்றும் இருக்கிறது. ஓவனில் சுட்டதைப் போல வரவேண்டும் என்றால் ஏர் ஃப்ரையர் வாங்குவதா, ஓவன் வாங்குவதா?

பதில்: நீங்கள் சொல்லும் இரண்டு குறைகளும் வெவ்வேறானவை. ஒன்றைக் காசு செலவழிக்காமலேயே சரிசெய்துவிடலாம். இன்னொன்றுக்குத்தான் சாதனம் வேண்டும்.

முதலில் உள்பக்கம். மைக்ரோவேவின் அலைகள் கிழங்குக்குள் சில சென்டிமீட்டர் ஆழம்வரைதான் நேரடியாக வேலை செய்கின்றன. அதற்கு உள்ளே இருப்பது, சுற்றியுள்ள சூடு மெல்லப் பரவித்தான் வேகவேண்டும். அதனால் பெரிய கிழங்கின் நடுப்பகுதி பின்தங்குகிறது. ஏறத்தாழ ஒரே அளவுள்ள கிழங்குகளாகப் பொறுக்கி எடுங்கள். ஒவ்வொன்றையும் முள்கரண்டியால் ஆறேழு இடங்களில் குத்துங்கள். ஆவி வெளியேற வழியில்லாவிட்டால் கிழங்கு வெடித்துவிடும். சுழலும் தட்டின் நடுவில் வைக்காமல் ஓரத்தில் வையுங்கள். 200 முதல் 250 கிராம் எடையுள்ள இரண்டு கிழங்குகளுக்கு நான்கு நிமிடம், பிறகு புரட்டிப் போட்டு மூன்று அல்லது நான்கு நிமிடம். வெளியே எடுத்ததும் வெட்டாமல் ஐந்து நிமிடம் விடுங்கள். சூடு நடுவரை போய்ச் சேர்வது அந்த ஐந்து நிமிடத்தில்தான். சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் குத்திப் பாருங்கள்: நடுவில் 96 முதல் 99 டிகிரி செல்சியஸ் வந்துவிட்டால் கிழங்கு பொலபொலவென்று உதிரும். இருபது டிகிரி குறைவாக இருந்தாலே நறுக்கென்று கடிபடும்.

அடுத்தது தோல். மைக்ரோவேவுக்குள் காற்று சூடாவதில்லை. கிழங்கிலிருந்து கிளம்பும் ஆவி தோலிலேயே படிந்து அதை ஈரமாக்குகிறது. எத்தனை நிமிடம் கூட்டினாலும் இது மாறாது. கிழங்குதான் வறண்டு சுருங்கும். தோல் மொறுமொறுவென்று வர, அதன் ஈரத்தை விரட்டும் வறண்ட வெப்பம் வேண்டும், 200 டிகிரிக்குக் குறையாமல். ஓவன், டோஸ்டர் ஓவன், ஏர் ஃப்ரையர் மூன்றாலும் இது முடியும். ஏர் ஃப்ரையர் என்பது வலுவான விசிறி பொருத்திய சிறிய ஓவன்தான். விசிறி ஈரக் காற்றை இடைவிடாமல் தள்ளிக்கொண்டே இருப்பதால், தோல் மொறுமொறுப்பாவதில் அதுவே முந்துகிறது.

ஆகவே என் கருத்து இது: மைக்ரோவேவை விட்டுவிடாதீர்கள். அதில் ஐந்தாறு நிமிடம் வைத்து, விரலால் அழுத்தினால் சற்றே நெகிழும் பதத்தில் எடுத்து, எண்ணெயும் உப்பும் தடவி, 200 டிகிரியில் ஏர் ஃப்ரையரில் பதினைந்து நிமிடம் வையுங்கள். பச்சைக் கிழங்கை ஏர் ஃப்ரையரில் மட்டும் சுட்டால் 35 முதல் 45 நிமிடம் ஆகும். ஓவனில் ஒரு மணி நேரம்வரை போகும். நேரம் அவசரப்படுத்தாத நாளில் ஓவனில் நிதானமாகச் சுட்ட கிழங்கின் தோலும் வாசனையும் தனிதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்காக மட்டும் ஓர் ஓவன் வாங்க வேண்டாம். ஒன்று முதல் மூன்று பேர் உள்ள வீட்டுக்கு, மைக்ரோவேவோடு ஒரு சிறிய ஏர் ஃப்ரையர் போதும். ஓவனிலோ ஏர் ஃப்ரையரிலோ சுட்டால் எடுத்த உடனே, மைக்ரோவேவில் மட்டும் வேகவைத்தால் அந்த ஐந்து நிமிடம் முடிந்ததும், குறுக்கே கீறி இரு பக்கமும் அழுத்தித் திறந்துவிடுங்கள். அடைபட்ட ஆவி போகவில்லை என்றால் உள்பக்கம் களியாகிவிடும்.

கேள்வி: மின்சாரம் எதற்குக் குறைவு? என் மைக்ரோவேவ் பெட்டியில் 900 வாட் என்றும், பின்புறத் தகட்டில் 1,400 வாட் என்றும் இருக்கிறது. எது உண்மை?

பதில்: இரண்டும் உண்மைதான். 900 என்பது உணவுக்குப் போய்ச் சேரும் ஆற்றல். 1,400 என்பது சாதனம் மின்இணைப்பிலிருந்து இழுப்பது. சமையல் நேரத்தை முதல் எண்ணை வைத்தும், மின்செலவை இரண்டாவது எண்ணை வைத்தும் கணக்கிடுங்கள். இரண்டு கிழங்குக்கு எட்டு நிமிடம் என்றால் 0.2 யூனிட்கூட ஆகாது. 1,500 வாட் ஏர் ஃப்ரையரில் 40 நிமிடத்துக்கு அதிகபட்சம் 1 யூனிட். உரிய சூடு வந்ததும் தெர்மோஸ்டாட் அவ்வப்போது நிறுத்தி நிறுத்தி ஓட்டுவதால், உண்மையில் அதைவிடக் குறையும். பெரிய ஓவனோ, முதலில் தன் சுவர்களையும் தட்டுகளையும் சூடாக்கவே பத்துப் பதினைந்து நிமிடம் எடுத்துக்கொள்கிறது. ஒரே ஒரு கிழங்குக்காக அதைப் போடுவது வீண்.

இந்தக் கணக்கு கிழங்குகள் கூடக் கூட மாறும். மைக்ரோவேவில் இரண்டுக்கு எட்டு நிமிடம் என்றால் நான்குக்கு ஏறத்தாழ இரட்டிப்பு நேரம், ஏனென்றால் அதே ஆற்றலைத்தான் எல்லாம் பங்கிட்டுக்கொள்கின்றன. ஓவனில் ஒன்று வைத்தாலும் எட்டு வைத்தாலும் ஏறக்குறைய அதே ஒரு மணி நேரம்தான். பத்துப் பேருக்குச் சமைக்கும் நாளில் ஓவன்தான் சிக்கனம்.

கேள்வி: நாங்கள் ஐந்து பேர். 4 லிட்டர் ஏர் ஃப்ரையர் போதும் என்று விற்பனையாளர் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: கிழங்கைப் பொறுத்தவரை நம்ப வேண்டாம். லிட்டர் என்பது கூடையின் கொள்ளளவு. கிழங்குக்கு வேண்டியது கூடையின் அடிப்பரப்பு. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் தொட்டுக்கொள்ளும் இடங்களில் காற்று படாது. அந்த இடத்தில் தோல் மெத்தென்றே இருக்கும். கடைக்கு ஓர் அளவுநாடா எடுத்துச் செல்லுங்கள். 12 சென்டிமீட்டர் நீளமும் 7 சென்டிமீட்டர் பருமனும் உள்ள கிழங்குகளை, 20 சென்டிமீட்டர் சதுரக் கூடையில் இடைவெளி விட்டு வைத்தால் மூன்றுக்கு மேல் கொள்ளாது. ஐந்து பேருக்கு 30 சென்டிமீட்டர் அகலத் தட்டுள்ள, விசிறியோடு கூடிய டோஸ்டர் ஓவன் வசதி. ஏர் ஃப்ரையர்தான் வேண்டும் என்றால், அடிப்பரப்பு அகலமான கூடையைத் தேடுங்கள்.

இன்னும் இரண்டைக் கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள். கூடை மட்டும் தனியாக வாங்கக் கிடைக்குமா? ஒட்டாத மேற்பூச்சு உரிந்தால் வாரண்டி பொருந்துமா? இந்தச் சாதனத்தில் முதலில் தேய்வது கூடைதான். அது கிடைக்காவிட்டால், நன்றாக ஓடும் மோட்டாரோடு முழுச் சாதனத்தையும் தூக்கிப்போட நேரும். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் உதிரிக் கூடை கிடைக்காத மாடலை வாங்காதீர்கள்.

கேள்வி: ‘உருளைக்கிழங்கு’ பொத்தான் உள்ள மைக்ரோவேவுக்குக் கூடுதல் விலை கொடுக்கலாமா?

பதில்: கையேட்டில் ஈரப்பத உணரி இருப்பதாகப் போட்டிருந்தால் யோசிக்கலாம். அது கிளம்பும் ஆவியை அறிந்து நேரத்தைத் தானே முடிவுசெய்யும். உணரி இல்லையென்றால், அந்தப் பொத்தான் எண்ணிக்கைக்கு ஏற்ப முன்பே பதிந்துவைத்த நிமிடங்களை ஓட்டுகிறது, அவ்வளவுதான். உங்கள் கிழங்கு பெரியதா சிறியதா என்று அதற்குத் தெரியாது.

கேள்வி: பிரஷர் குக்கரில் சுட முடியுமா?

பதில்: வேகவைக்கலாம், சுட முடியாது. உள்ளே முழுக்க நீராவி. வெப்பமும் 120 டிகிரியை ஒட்டியே நிற்கும். ஆனால் மைக்ரோவேவ் இல்லாத வீட்டில், முழுக் கிழங்கை அடியில் நீர்விட்டு மேல்தட்டில் வைத்து வேகவைத்து, ஈரத்தை நன்றாகத் துடைத்துவிட்டு, பிறகு ஓவனில் இருபது நிமிடம் வைப்பது நல்ல வழி. குறைந்த சூட்டில் மெல்ல வேகவைக்கும் ஸ்லோ குக்கரில் எட்டு மணி நேரம் வைத்தாலும் தோல் மெத்தென்றுதான் வரும்.

கேள்வி: அலுமினியத் தாளில் சுற்றிச் சுட்டால் நன்றாக இருக்கும் என்கிறார்கள். சுட்டதை அப்படியே மறுநாளைக்கு வைத்துக்கொள்ளலாமா?

பதில்: இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு நன்றி, பலர் கேட்காமலேயே செய்துவிடுகிறார்கள். வைத்துக்கொள்ளக் கூடாது.

மண்ணில் வாழும் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற நுண்ணுயிரியின் வித்துகள் கிழங்குத் தோலில் இருக்கக்கூடும். சுடும் சூட்டில் அவை சாவதில்லை. தாளுக்குள் காற்றும் குறைவு, ஈரமும் உண்டு. அறை வெப்பநிலையில் கிடந்தால் வித்துகள் முளைத்து, நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கும். 1994இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள எல் பாசோ நகரில் 30 பேர் இப்படித்தான் பாதிக்கப்பட்டார்கள். ஓர் உணவகத்தில் தாள் சுற்றிச் சுட்ட கிழங்குகளை நாள்கணக்கில் வெளியே வைத்திருந்து, பிறகு அதில் செய்த தொட்டுக்கொள்ளும் கூழே காரணம். மீந்த கிழங்கின் தாளை உரித்து எறிந்துவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள்.

சுவைக்காகவும் தாள் தேவையில்லை. அது ஆவியை உள்ளேயே அடைத்து, ஓவனில் வைத்த கிழங்கையும் அவித்த கிழங்காக்கிவிடுகிறது. மைக்ரோவேவில் தாளோடு வைத்தால் தீப்பொறி பறக்கும்.

கேள்வி: ஒரே சாதனம், ஒரே நேரம். ஆனால் சில வாரம் கிழங்கு இனிக்கிறது, தோலும் சீக்கிரம் கருகுகிறது. சாதனத்தில் கோளாறா?

பதில்: சாதனத்தைச் சந்தேகிக்கும் முன், கிழங்கை எங்கே வைத்திருந்தீர்கள் என்று பாருங்கள். 6 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த இடத்தில் இருந்தால் கிழங்கின் மாவுச்சத்தில் ஒரு பங்கு சர்க்கரையாக மாறும். அதுதான் இனிக்கிறது, அதுதான் கருகுகிறது. சர்க்கரை கூடிய கிழங்கு 120 டிகிரிக்கு மேல் சிவக்கும்போது அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருளும் கூடுதலாக உருவாகிறது. உணவில் அது உண்டாவதை ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2002இல் வெளியிட்டார்கள். பொன்னிறம் வந்ததும் எடுத்துவிடுங்கள். கருகிய பகுதியைக் கீறி அகற்றுங்கள். கிழங்கை இருட்டான, காற்றோட்டமுள்ள இடத்தில் வைத்தால் போதும். ஏற்கெனவே குளிர்ந்துவிட்டதை ஓரிரு வாரம் வெளியே வைத்தால் இனிப்பு ஓரளவு தணியும்.

வாங்கும்போது தோல் சொரசொரப்பான, மாவுத்தன்மை மிகுந்த வகையைக் கேளுங்கள். ரசட், மாரிஸ் பைப்பர் போன்றவை சுடுவதற்கு ஏற்றவை. மெல்லிய வழுவழுப்பான தோலுள்ள மெழுகுவகைக் கிழங்கு, எந்தச் சாதனத்தில் சுட்டாலும் உதிராது. பச்சை படர்ந்த கிழங்கை மட்டும் எடுக்காதீர்கள்; அதிலுள்ள சோலனின் என்ற நஞ்சு ஓவன் சூட்டுக்கும் அழியாது.