ஸ்கூட்டிக்கு லீவு கொடுங்கள்

கேள்வி: கோவையில் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு மாணவி நான். வீடு ஒண்டிப்புதூர். கல்லூரி பீளமேட்டில், ஏழு கிலோமீட்டர் இருக்கும். தினமும் ஸ்கூட்டியில்தான் போய்வருகிறேன். சுற்றுச்சூழலுக்குக் கெடுதல் செய்யாமல் வாழ வேண்டும், உடம்பையும் கொஞ்சம் அசைக்க வேண்டும் என்று ஆசை. மூங்கில் பிரஷ், ஸ்டீல் ஸ்ட்ரா, துணிப்பை எல்லாம் வாங்கினேன். போனில் பத்தாயிரம் அடி கணக்கு வைத்தேன். இரண்டு வாரத்துக்கு மேல் எதுவும் நிற்கவில்லை. ஜிம்முக்குக் கட்டப் பணமில்லை. பிளஸ் ஒன்னில் பள்ளியில் கொடுத்த சைக்கிள் மாடிப்படிக்கு அடியில் கிடக்கிறது. அதை எடுக்கலாமா என்றால் அப்பா பயப்படுகிறார். வியர்த்து நனைந்து வகுப்பில் உட்கார எனக்கும் கூச்சமாக இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: அந்த மாடிப்படிக்கு அடியிலிருந்தே தொடங்கலாம்.

நீங்கள் செய்து பார்த்தவை நின்றுபோனதற்கு மன உறுதி போதாதது காரணம் இல்லை. ஒவ்வொன்றுக்கும் தனியாக ஞாபகமும் நேரமும் தேவைப்பட்டது, அவ்வளவுதான். நடைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும், ஸ்ட்ராவைப் பையில் எடுத்து வைக்க வேண்டும், கழுவ வேண்டும். பரீட்சை வந்ததும் முதலில் விழுவது இவைதான். ஆனால் கல்லூரிக்குப் போய்வருவது பரீட்சை சமயத்திலும் நிற்காது. உடம்புக்கு ஒன்று, பூமிக்கு ஒன்று என்று தனித்தனியாக முயற்சி செய்யாமல், எப்படியும் நடக்கிற இந்தப் பயணத்தை மாற்றுங்கள். இரண்டும் அதிலேயே நடந்துவிடும்.

கணக்கைப் பாருங்கள். போக வர 14 கிலோமீட்டர். வாரத்தில் மூன்று நாள் சைக்கிளில் போனால் 42 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடும் ஸ்கூட்டி என்று வைத்தால், கிட்டத்தட்ட ஒரு லிட்டர் பெட்ரோல் மிச்சம். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோதான். ஆனால் எரியும்போது அதிலுள்ள கார்பன் காற்றின் ஆக்சிஜனோடு சேர்வதால், வெளியே வரும் கரியமில வாயு 2.3 கிலோ. ஒரு பிளாஸ்டிக் ஸ்ட்ரா ஒரு கிராம்கூட இராது. ஸ்ட்ராவைத் தவிர்ப்பது நல்லதுதான், ஆனால் பெரிய இடம் எது என்று தெரிந்து கை வைக்க வேண்டும்.

உடம்புக் கணக்கும் இதே மூன்று நாளில் சரியாகிறது. பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஏழு கிலோமீட்டரை அவசரப்படாமல் மிதித்தால் அரை மணி நேரம். மூன்று நாள், போக வர, 180 நிமிடம். பத்தாயிரம் அடியை மறந்துவிடுங்கள். அது 1960களில் ஜப்பானில் விற்ற ஒரு நடைமானியின் விளம்பரத்தோடு வந்த எண்; மருத்துவர்கள் உட்கார்ந்து முடிவு செய்த அளவு அல்ல.

இனி சைக்கிள். இரண்டு வருடமாகக் கிடந்த வண்டியை அப்படியே எடுத்து ஓட்டிவிட்டு, "மிதிக்கவே முடியவில்லை" என்று திரும்ப உள்ளே போட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். முதலில் கடையில் கொடுத்து ஓவராயில், அதாவது முழுதாகப் பிரித்துச் சுத்தம், செய்யச் சொல்லுங்கள். காய்ந்துபோன கிரீஸை மாற்றி, அச்சுகளில் உருளும் பால்ஸ் குண்டுகளைக் கழுவிப் போட்டாலே வண்டி பாதி லேசாகிவிடும். பிரேக் கட்டைகளை நகத்தால் அழுத்திப் பாருங்கள். ரப்பர் கல்லாக இறுகியிருந்தால் மாற்றிவிட வேண்டும். காற்று அடித்த மறுநாளே சக்கரம் தட்டையாகக் கிடந்தால் உடனே பஞ்சர் என்று டியூபைக் கழற்ற வேண்டாம். முதலில் வால்டியூபைப் பாருங்கள். வால்வுக்குள் இருக்கும் அந்தச் சின்ன ரப்பர் குழாய் வெயிலிலும் வெறுமனே கிடந்தும் வெடித்திருக்கும். அதை மாற்றச் சில ரூபாய்தான் ஆகும். செயினுக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுபிசுத்துப் புழுதியை இழுக்கும். மெஷின் ஆயில் சில சொட்டு விட்டு, பெடலைப் பின்னுக்குச் சுற்றி, மேலே நிற்பதைத் துணியால் துடைத்துவிடுங்கள்.

சீட் உயரத்தை மட்டும் கடைக்காரரிடம் விடாதீர்கள். இரண்டு காலும் தரையில் பதியும்படி தாழ்த்தி வைப்பதுதான் நம் ஊர் வழக்கம். அப்படி ஓட்டினால் முழங்கால் எப்போதும் மடங்கியே இருக்கும். ஒரு மாதத்தில் முட்டியின் முன்பக்கம் வலி ஆரம்பிக்கும், தொடையும் சீக்கிரம் ஓய்ந்துபோகும். சுவரைப் பிடித்தபடி சீட்டில் உட்கார்ந்து, கீழே இருக்கும் பெடலில் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். ஓட்டும்போது பாதத்தின் முன்பகுதியால் மிதிப்போம் இல்லையா, அப்போது முட்டி லேசாக மடங்கி நிற்கும். அதுதான் சரியான உயரம். நிறுத்தும்போது ஒரு கால் நுனி மட்டும் தரையில் படும். இரண்டு நாளில் பழகிவிடும்.

வியர்வைக்கு வழி இருக்கிறது. புத்தகப் பையை முதுகில் மாட்டாமல் கேரியரில் கட்டுங்கள், நனைவதில் பாதி குறையும். கடைசி ஒரு கிலோமீட்டரை மெதுவாக மிதியுங்கள். போய் இறங்கியதும் சட்டையை மாற்றிவிட வேண்டாம். காற்று நின்றதும்தான் வியர்வை கொட்டும், மாற்றிய துணியும் நனையும். முகம் கழுவி, ஈரத் துணியால் கழுத்தையும் அக்குளையும் துடைத்து, பத்து நிமிடம் ஃபேனுக்கடியில் இருந்துவிட்டு அப்புறம் மாற்றுங்கள். புது வியர்வைக்கு நாற்றம் கிடையாது. தோலில் உள்ள பாக்டீரியா அதில் வேலை செய்த பிறகுதான் வாடை வரும். அதற்கு முன்னால் துடைத்துவிட்டால் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. துப்பட்டா பைக்குள் இருக்கட்டும். பேன்ட்டின் கால் அகலமாக இருந்தால் செயின் பக்கத்துக் காலில் ஒரு ரப்பர் பேண்ட் போதும்.

உங்கள் ஊர்க் காற்றையும் சொல்ல வேண்டும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே மேற்கிலிருந்து அடிக்கும் காற்று, சிங்காநல்லூர் பக்கம் போகும்போது நேரே முகத்தில் மோதும். அந்த மாதங்களில் காலையில் கூடுதலாகப் பத்து நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். "எனக்குத் தெம்பு போய்விட்டது" என்று அப்போது நினைக்க வேண்டாம். மாலையில் அதே காற்று முதுகில் தள்ளிக்கொண்டு வந்து வீட்டில் விடும். மார்ச், ஏப்ரல் வெயிலில் மூன்றரை மணிக்குக் கிளம்பாதீர்கள். ஐந்து வரை நூலகத்தில் இருந்துவிட்டு வாருங்கள்.

அப்பாவின் பயம் நியாயமானது. திருச்சி சாலையும் காமராஜர் சாலையும் விளையாட்டில்லை. ஒரு ஞாயிறு காலை ஆறு மணிக்கு அவரை ஸ்கூட்டியில் பின்தொடர்ந்து வரச்சொல்லி முழு வழியையும் ஓட்டிக் காட்டுங்கள். எந்தெந்த இடத்தில் உள்தெருவில் புகுந்து வெளியே வரலாம் என்று இருவருமாகப் பாருங்கள். இரண்டு நிமிடம் கூடினாலும் உள்தெருதான் நல்லது. சாலையின் விளிம்பை ஒட்டி மண்ணிலும் தாரிலும் மாறி மாறி ஓட்டுவதுதான் ஆபத்து. சக்கரம் சறுக்கும், பின்னால் வருபவர்கள் உரசிக்கொண்டு போவார்கள். விளிம்பிலிருந்து மூன்று அடி உள்ளே, நேர்கோட்டில் ஓட்டுங்கள். நிறுத்தத்தில் பஸ் நின்றால் அதன் இடப்பக்கம் நுழையவே கூடாது. பின்னால் நின்று, அது கிளம்பிய பிறகு போங்கள். ஹெல்மெட்டும் பின்னால் ஒரு சிவப்பு விளக்கும் கட்டாயம். இருட்டிவிடும் என்று தெரிந்த நாளில் சைக்கிள் வேண்டாம்.

மிச்சம் இரண்டு நாள் பஸ். தமிழ்நாட்டில் 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஒரு நிறுத்தம் முன்னால் இறங்கி நடந்தால் அதுவும் கணக்கில் சேரும். சைக்கிள் காலுக்கும் நெஞ்சுக்கும்தான் வேலை கொடுக்கும். கைக்கும் முதுகுக்கும் கொடுக்காது. அதனால் பஸ்ஸில் போகும் இரண்டு நாளும் பதினைந்து நிமிடம் சுவரில் கை ஊன்றித் தண்டால், தண்ணீர்க் குடம் தூக்குவது என்று எதையாவது செய்யுங்கள். வாரம் இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுக்கச் சொல்லித்தான் மருத்துவ வழிகாட்டுதல்களும் இருக்கின்றன.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாமல் பார்த்துவிடுங்கள். மூன்று வாரம் ஓட்டிய பிறகும் சின்ன மேட்டுக்கே மூச்சு வாங்கினால், படபடத்தால், அது பழக்கமின்மை என்று விட்டுவிடாதீர்கள். ஹீமோகுளோபின் பரிசோதனை செய்யுங்கள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. உங்களுக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தால் மருத்துவரிடம் போங்கள். இரும்புச்சத்து ஏறினாலே சைக்கிள் லேசாகிவிடும். இதை எத்தனையோ பெண்கள் தங்கள் சோம்பேறித்தனம் என்று நினைத்து வருடக்கணக்கில் தங்களையே திட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

வாங்கிய பொருட்களைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. இருப்பதைத் தேயும்வரை பயன்படுத்துங்கள். துணிப்பை நல்லது, ஆனால் பருத்தி விளைவிக்கத் தண்ணீர் நிறையச் செலவாகிறது. ஒரே பையை நூறு தடவைக்கு மேல் எடுத்துப் போனால்தான் அதற்கு அர்த்தம். வீட்டில் ஏசி இருந்தால் ஸ்ட்ராவைவிட அதைக் கவனியுங்கள். ஒன்றரை டன் ஏசி ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய ஒரு யூனிட் இழுக்கும். நம் நாட்டில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு. நீங்கள் ஸ்கூட்டியில் போய்வரும் 14 கிலோமீட்டருக்கு ஆவதும் அவ்வளவுதான். 18இல் வைக்காமல் 26இல் வைத்து ஃபேனையும் போடுங்கள்.

ஐப்பசி மழையில் பஸ்ஸிலேயே போங்கள், தேங்கிய தண்ணீருக்கடியில் குழி தெரியாது. வழியில் மழை பிடித்துக்கொண்டால், நனைந்த ரிம்மில் பிரேக் பிடிக்க நேரமாகும் என்பதை நினைவில் வைத்து, வழக்கத்தைவிட முன்னதாகவே லேசாக அழுத்தத் தொடங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் செயினைத் துடைத்து நாலு சொட்டு எண்ணெய் விட்டுவிட்டுத்தான் மற்ற வேலை; விட்டால் காலையில் துரு பிடித்திருக்கும்.